கல் விழுந்ததைப் பார்த்தவர்களை நம்பியவர்: விண்கல் அறிவியலைத் தொடங்கிவைத்த க்ளாட்னி யார்?

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வருகிறது. யாரோ ஒருவரின் உள்ளங்கையில் கறுப்பாக ஒரு கல். கீழே ஒரு வரி: நேற்று இரவு வானத்திலிருந்து விழுந்தது. பாதிப் பேர் உடனே நம்பிவிடுகிறார்கள், மீதிப் பேர் சிரிக்கும் எமோஜி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கல்லை யாராவது உற்றுப் பார்த்தார்களா என்றால், பெரும்பாலும் இல்லை.

நம்பவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம், முதலில் விசாரிப்போம் என்று சொன்ன ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் எர்ன்ஸ்ட் ஃப்ளோரன்ஸ் ஃபிரெடரிக் க்ளாட்னி. ஜெர்மன்காரர். 1756-ல் பிறந்து 1827-ல் மறைந்தவர். நீங்கள் இயற்பியல் படித்தவர் என்றால் ஒலி பற்றிய பாடத்தில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். தகட்டின் மேல் மணலைத் தூவி, வயலின் வில்லால் இழுத்தால் அழகான கோலங்கள் உருவாகுமே, அந்தக் க்ளாட்னிதான்.

ஆனால் அவருக்கு இன்னொரு முகம் உண்டு. விண்ணிலிருந்து கற்கள் பூமிக்கு வருகின்றன என்று முழு நீள வாதத்தோடு ஒரு புத்தகம் எழுதியவர் அவர். அப்போது அதைச் சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை.

ஏன் யாருமே நம்பவில்லை?

இன்று ஐந்தாம் வகுப்புக் குழந்தைகூட விண்கல் என்று சொல்லும். 18-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நிலைமை தலைகீழ். கல் விழுந்ததைப் பார்த்தோம் என்று சொன்னவர்கள் பெரும்பாலும் விவசாயிகள், ஆடு மேய்ப்பவர்கள், கூலித் தொழிலாளர்கள். விழாது என்று சொன்னவர்கள் படித்தவர்கள். யார் பேச்சு எடுபடும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

படித்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அந்தக் காலத்து அறிவியல்படி, நிலவுக்கு அப்பால் இருப்பது கிரகங்கள், நட்சத்திரங்கள், வால்நட்சத்திரங்கள் மட்டும்தான். நடுவில் இருப்பது வெற்றிடம். வெற்றிடத்தில் சும்மா சுற்றித் திரியும் கற்கள் என்று எதுவும் கிடையாது. அப்படியிருக்க, கல் எங்கிருந்து வரும்? மேகத்துக்குள் கல் உருவாகியிருக்கலாம், எரிமலை வீசியிருக்கலாம், மின்னல் தரையில் கிடந்த கல்லைத் தாக்கியிருக்கலாம். விளக்கங்களை இப்படித்தான் தேடினார்கள்.

ஒரு உதாரணம் சொன்னால் தெளிவாகப் புரியும். 1768 செப்டம்பர் 13 அன்று பிரான்சில் லூசே என்ற ஊரில் ஒரு கல் விழுந்தது. வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். கல் பாரிஸ் அறிவியல் கழகத்துக்குப் போனது. அதை ஆராய்ந்த மூவர் குழுவில் இருந்தவர், பின்னாளில் நவீன வேதியியலின் தந்தை என்று பெயர் எடுத்த லவாய்சியர். உட்பக்கம் வெளிர் சாம்பல் நிறம், வெளிப்பக்கம் மட்டும் மிக மெல்லிய கறுப்புப் படலம் என்று குழு கவனித்தது. மேற்பரப்பு மட்டும் உருகியிருக்கிறது என்றும் சரியாகவே புரிந்துகொண்டது. ஆனால் முடிவு? இது பூமியின் கல்தான், மின்னல் தாக்கியதால் மேல்பக்கம் உருகிவிட்டது என்று எழுதிவிட்டார்கள்.

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழுவின் முடிவு தவறு. ஆனால் கல்லின் மேற்பரப்பைப் பற்றி அவர்கள் எழுதிவைத்த விவரம் சரி. கொள்கைகள் மாறின, அந்த விவரம் மட்டும் மாறவே இல்லை. இன்றைக்கும் புதிதாக விழுந்த விண்கல்லின் முதல் அடையாளம் அந்தக் கறுப்புப் படலம்தான்.

அப்பா சொன்ன படிப்பு

க்ளாட்னி பிறந்தது விட்டன்பெர்க் நகரத்தில். அப்பா சட்டப் பேராசிரியர். ரொம்பக் கண்டிப்பானவர். பையன் தனியாக வெளியே போவதற்குக்கூட வீட்டில் எளிதில் அனுமதி கிடைக்காது. பையனுக்கு இயற்கை அறிவியலிலும் இசையிலும் ஆசை. அப்பாவோ சட்டம்தான் படிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். இந்தக் கதை உங்களுக்குப் புதிதாக இருக்காது. நம் வீடுகளில் சட்டத்துக்குப் பதில் இன்ஜினீயரிங், அவ்வளவுதான் வித்தியாசம்.

க்ளாட்னி எதிர்த்துப் பேசவில்லை. விட்டன்பெர்க்கிலும் லைப்சிக்கிலும் சட்டம் படித்தார், பட்டமும் வாங்கினார். 1782-ல் அப்பா இறந்தார். அதன் பிறகு க்ளாட்னி சட்டத்தை ஓரம் கட்டிவிட்டு அறிவியல் பக்கம் திரும்பினார். கையில் சொத்து பெரிதாக இல்லை. பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை, கடைசிவரை கிடைக்கவே இல்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

பிழைப்புக்கு என்ன செய்தார்? இன்றைய மொழியில் சொன்னால் ஃப்ரீலான்சர் ஆனார். ஒலி எப்படிப் பிறக்கிறது என்று யாரும் சரியாக ஆராயாத காலம் அது. தகட்டில் மணல் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்து, அதிர்வைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார். தகட்டில் அதிராத கோடுகளில் மணல் போய்ச் சேர்ந்து கோலமாக நிற்கும். 1787-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். கண்ணாடித் தண்டுகளையும் கண்ணாடி உருளையையும் வைத்துப் புதிய இசைக்கருவிகள் செய்தார். எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஐரோப்பா முழுக்க ஊர் ஊராகப் போய், டிக்கெட் போட்டுச் செய்முறை விளக்கம் நடத்தினார்.

இப்படி ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் விண்கல் அவர் வாழ்க்கையில் வந்தது.

ஒரு கேள்வி, மூன்று வாரம் நூலகம்

1793 தொடக்கத்தில் க்ளாட்னி கோட்டிங்கன் நகரத்துக்குப் போனார். அங்கே லிக்டன்பெர்க் என்ற புகழ்பெற்ற இயற்பியலாளர் இருந்தார். தூசிப்பொடியை வைத்து மின்சாரத்தின் வடிவத்தைக் காட்டியவர். க்ளாட்னியின் மணல் கோலத்துக்கு முன்னோடி அந்தச் சோதனைதான். அந்த லிக்டன்பெர்க் 1791 நவம்பரில் ஒரு பெரிய நெருப்புக்கோளம் வானத்தைக் கடந்ததைத் தானே பார்த்திருந்தார். இரவு வானத்தில் நிலவைப் போலப் பிரகாசமாகப் பாய்ந்து, சில நேரம் வெடிச்சத்தத்தோடு மறையும் எரிகல்லைத்தான் நெருப்புக்கோளம் என்கிறோம்.

அது என்னவாக இருக்கும் என்று க்ளாட்னி கேட்டார். பேச்சு நீண்டது. வானத்துக்கு வெளியிலிருந்து வந்திருக்குமோ என்ற யோசனை அங்கே எழுந்தது. மற்றவர்கள் என்றால், பேசிவிட்டுக் காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். க்ளாட்னி நேராக நூலகத்துக்குப் போனார். மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்து, பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட 24 நெருப்புக்கோளங்களையும், கண்ணால் பார்த்த 18 கல் வீழ்ச்சிகளையும் தொகுத்தார்.

இங்கேதான் அப்பா சொன்ன படிப்பு கைகொடுத்தது.

ஒரு வழக்கறிஞர் சாட்சிகளை எப்படிப் பார்ப்பார்? சாட்சி சொல்பவர் பணக்காரரா, படித்தவரா என்று பார்ப்பதைவிட, ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார். ஒருவரை ஒருவர் அறியாத, வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு நூற்றாண்டில் வாழ்ந்த மனிதர்கள் ஒரே விஷயத்தைச் சொன்னால், அவர்கள் கூடிப் பேசிப் பொய் சொல்லியிருக்க முடியாது. பெரிய வெளிச்சம், இடி போன்ற சத்தம், பிறகு கறுப்புத் தோல் போர்த்திய கனமான கல். குரோஷியாவிலும் இதே, பிரான்சிலும் இதே, ஜெர்மனியிலும் இதே. இத்தனை பேர் கற்பனையும் ஒரே மாதிரி இருக்க வாய்ப்பில்லை என்று க்ளாட்னி முடிவுக்கு வந்தார்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் ஊரில் சொல்வார்களே, க்ளாட்னி செய்தது அந்தத் தீர விசாரிப்பதைத்தான். அவர் அதுவரை ஒரு கல் விழுவதை நேரில் பார்த்தவர்கூட இல்லை.

சைபீரிய இரும்பு சொன்ன சாட்சி

1794-ல் புத்தகம் வெளிவந்தது. பெரிய நூல் ஒன்றும் இல்லை, 63 பக்கம்தான். அதன் மையத்தில் இருந்தது ஒரு இரும்புப் பாளம்.

சைபீரியாவில் க்ராஸ்னோயார்ஸ்க் அருகே ஒரு மலைப்பகுதியில் 1749-ல் ஒரு கொல்லர் அதைக் கண்டெடுத்தார். எடை சுமார் 700 கிலோ. பிறகு 1772-ல் அந்தப் பக்கம் ஆய்வுப் பயணம் வந்த பீட்டர் பல்லாஸ் அதைப் பற்றித் தெரிந்துகொண்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக்கு அனுப்பிவைத்தார். கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையான இரும்பு, அந்த ஓட்டைகளுக்குள் மஞ்சள்-பச்சை நிறத்தில் ஒலிவின் என்ற கண்ணாடி போன்ற படிகங்கள். அந்தப் பகுதியில் வாழ்ந்த தாத்தார் மக்கள் அதை வானத்திலிருந்து விழுந்த புனிதப் பொருளாகக் கருதினார்கள்.

க்ளாட்னி ஒவ்வொரு வாய்ப்பாக எடுத்து அடித்துக்கொண்டே போனார். தண்ணீரில் படிந்து உருவாகியிருக்குமா? உருகி உறைந்த அடையாளம் இருக்கிறது, எனவே இல்லை. மனிதர்கள் உலையில் உருக்கியதா? அந்தக் காலத்து உலைகளால் இப்படி ஒன்றை, அதுவும் அந்த இடத்தில், செய்திருக்க முடியாது. எரிமலையா? அக்கம்பக்கத்தில் எரிமலை இல்லை. காட்டுத்தீயா, மின்னலா? இத்தனை இரும்பை உருக்க அவற்றால் முடியாது. எல்லாக் கதவும் மூடிய பிறகு திறந்திருந்தது ஒரே கதவு: வானம்.

நெருப்புக்கோளங்களின் வேகத்தையும் கவனித்தார். வெறும் ஈர்ப்பு விசையால் மேலிருந்து விழும் பொருள் அந்த வேகத்தை எட்டாது. எனவே அவை ஏற்கனவே வேகமாகப் பயணித்துக்கொண்டிருந்து பூமியின் காற்று மண்டலத்துக்குள் நுழைகின்றன. காற்றில் உரசி வெப்பமாகி ஒளிர்கின்றன, வெடித்துச் சிதறுகின்றன, கற்களாகவும் இரும்பாகவும் விழுகின்றன. கிரகங்கள் உருவானபோது மிச்சம் இருந்தவையாகவோ, உடைந்துபோன ஏதோ ஒரு கோளின் துண்டுகளாகவோ அவை இருக்கலாம் என்றார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே முதல் சிறுகோளான சீரிஸைக் கண்டுபிடித்தது 1801 ஜனவரி 1 அன்று. க்ளாட்னி எழுதியது அதற்கும் ஏழு வருடம் முன்னால்.

வரவேற்பு எப்படி? மோசம். யோசனையைத் தூண்டிய லிக்டன்பெர்க்கே முதலில் முகம் சுளித்தார். சுவிட்சர்லாந்து அறிஞர் டெலூக் கடுமையாக எதிர்த்தார். ஊர்க் கதைகளை நம்பி அறிவியல் எழுதுவதா என்ற கேலிதான் அதிகம். பதவி இல்லாத, நிறுவனப் பின்புலம் இல்லாத ஒரு மனிதர், பெயரை மட்டுமே வைத்துப் பிழைப்பவர், அந்தப் பெயரையே பணயம் வைத்தார் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வாரணாசி வானம் திறந்தது

நல்ல வேளை, வானமே அவருக்கு சாட்சி சொல்ல வந்தது.

புத்தகம் வந்த அதே வருடம், 1794 ஜூன் 16 அன்று இத்தாலியின் சியெனா நகரம் அருகே கற்கள் மழைபோல விழுந்தன. ஆனால் அதற்கு முந்தைய நாள்தான் வெசூவியஸ் எரிமலை வெடித்திருந்தது. எரிமலைக் கல்தான் என்று சொல்லிச் சிலர் தப்பித்துவிட்டார்கள். 1795 டிசம்பர் 13 அன்று இங்கிலாந்தில் வோல்ட் காட்டேஜ் என்ற இடத்தில் சுமார் 25 கிலோ கல் ஒன்று வயலில் வந்து புதைந்தது. இங்கிலாந்தில் எரிமலையே கிடையாது. கொஞ்சம் தடுமாற ஆரம்பித்தார்கள்.

அடுத்தது இந்தியா. 1798 டிசம்பர் 19 இரவு, வாரணாசிக்கு அருகே வானத்தில் ஒரு நெருப்புக்கோளம் தோன்றி, இடிமுழக்கத்தோடு கற்கள் விழுந்தன. ஒரு கல் காவல்காரர் ஒருவரின் குடிசைக் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. அங்கே இருந்த ஜான் லாய்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர் ஊர் மக்களை விசாரித்து, கற்களைச் சேகரித்து, விரிவாக எழுதி லண்டனுக்கு அனுப்பினார். அவர் எழுதியதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, வானம் பல நாளாகத் தெளிவாக இருந்தது, ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அப்படியானால் மேகத்தில் கல் உருவாகும் கதையும் மின்னல் கதையும் காலி. இரண்டு, கல்லின் வெளிப்பக்கம் கறுப்பு மெருகு பூசியது போல இருக்கிறது, உள்ளே வெளிர் நிறம், அதில் சின்னச் சின்ன உருண்டைகள், பளபளக்கும் துகள்கள்.

லண்டனில் எட்வர்ட் ஹோவர்ட் என்ற வேதியியலாளரும், பிரெஞ்சுப் புரட்சியில் அகதியாக வந்திருந்த டி போர்னோன் என்ற கனிமவியலாளரும் வாரணாசிக் கல்லை வோல்ட் காட்டேஜ், சியெனா, பொஹீமியா கற்களோடு ஒப்பிட்டார்கள். நான்கு கற்களும் ஏறத்தாழ ஒரே குடும்பம். நான்கிலும் அதே கறுப்பு மேலோடு, இரும்புத் துகள்கள். அந்த இரும்பில் நிக்கல். சைபீரிய இரும்பிலும் நிக்கல். பூமியில் சாதாரணமாகக் கிடைக்கும் பாறைகளில் இப்படி ஒரு சேர்க்கை இல்லை. 1802-ல் முடிவு வெளியானது. 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்சில் லேக்ல் என்ற ஊரில் பட்டப்பகலில் சுமார் 3,000 கற்கள் விழுந்தன. அரசு அனுப்பிய இளம் விஞ்ஞானி பியோ வீடு வீடாகப் போய் விசாரித்து அறிக்கை கொடுத்தார். அதோடு விழுமா, விழாதா என்ற விவாதம் முடிந்தது.

எங்கிருந்து வருகிறது என்ற விவாதம் மட்டும் தொடர்ந்தது. லாப்லாஸ் போன்ற பெரிய கணித மேதைகளே நிலவின் எரிமலைகள் வீசிய கற்களாக இருக்கலாம் என்று நினைத்தார்கள். க்ளாட்னி சொன்ன விண்வெளிப் பதில் முழுதாக உறுதியாக இன்னும் நெடுங்காலம் ஆனது. செக் நாட்டின் பிரிப்ராம் என்ற இடத்தில் 1959 ஏப்ரல் 7 அன்று விழுந்த விண்கல்லின் பாதையைக் கேமராப் படங்களிலிருந்து கணக்கிட்டபோது, அது சிறுகோள் பட்டை வரை நீண்டது.

மேற்பரப்பைப் படிப்பது எப்படி?

க்ளாட்னியின் வழக்கில் கற்களின் தோலும் ஒரு சாட்சி. அந்தத் தோலை எப்படிப் படிப்பது? கல் சேகரிப்பவர்கள் இன்றும் குழப்பிக்கொள்ளும் விஷயம் இது.

முதலில் உருகிய மேலோடு. கல் காற்று மண்டலத்துக்குள் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் நுழையும்போது மேற்பரப்பு உருகி, காற்றால் வழித்தெடுக்கப்படுகிறது. வேகம் குறைந்ததும் கடைசியாக மிஞ்சிய உருகிய படலம் உறைந்து கறுப்பு ஓடாகிறது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இதெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடுவதால் வெப்பம் உள்ளே இறங்க நேரம் இல்லை. அதனால்தான் ஓரம் உடைந்த இடத்தில் உள்ளே வெளிர் நிறம் தெரியும். இதை எரிந்த கல் என்று எழுதாதீர்கள். கல் எரியவில்லை, தோல் மட்டும் உருகியது. ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்தால் அந்தக் கறுப்பு பழுப்பாக மாறும், பிறகு உதிரும்.

இரண்டாவது, கட்டைவிரல் பள்ளங்கள். களிமண்ணில் விரலை அழுத்தி எடுத்தது போல ஆழமில்லாத, வழவழப்பான பள்ளங்கள். நிபுணர்கள் இதை ரெக்மாக்ளிப்ட் என்கிறார்கள். உருகும் மேற்பரப்பைக் காற்று அரித்ததால் வந்தவை. விண்வெளியில் வேறு கல் மோதி வந்த குழிகள் அல்ல, தரையில் மோதியதால் வந்தவையும் அல்ல. எல்லா விண்கல்லிலும் இவை இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மூன்றாவது, இங்கேதான் பலர் ஏமாறுவது: ஓட்டைகள். பள்ளம் வேறு, குமிழி ஓட்டை வேறு. ரொட்டித் துண்டு போலச் சின்னச் சின்னத் துளைகள் நிறைந்த கறுப்புக் கல்லைக் கண்டால், அது பெரும்பாலும் இரும்பு உலையின் கசடு அல்லது எரிமலைப் பாறை. விண்கற்களில் குமிழி ஓட்டைகள் மிக அரிது. சைபீரிய இரும்பு கடற்பஞ்சு போல இருந்தது என்றேனே, அது காற்றுக் குமிழியால் அல்ல. ஒலிவின் படிகங்கள் உட்கார்ந்திருந்த இடங்கள் அவை.

நான்காவது, ஓடைக் கோடுகள். சில கற்கள் உருளாமல் ஒரே பக்கம் முன்னோக்கிப் பறந்து வந்திருக்கும். அவற்றின் முன்பக்கம் கூம்பு போல இருக்கும், நுனியிலிருந்து உருகிய துளிகள் பின்னோக்கி ஓடிய மெல்லிய கோடுகள் தெரியும், பின்பக்க விளிம்பில் உருகியது சுருண்டு உதடு போல நிற்கும். கல் எந்தப் பக்கமாக வந்தது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கடைசியாக, இரும்பு விண்கற்களில் நெய்தது போல ஒன்றையொன்று வெட்டும் பட்டைகளின் படம் பார்த்திருப்பீர்கள். அது மேற்பரப்பில் தெரியும் அடையாளம் அல்ல. அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவிய பிறகுதான் வெளியே வரும். வெளியில் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், சந்தேகப்படுங்கள்.

பெட்டியில் சுமந்த வானம்

க்ளாட்னி தன் மீதி வாழ்க்கையில் இரண்டு காதல்களையும் விடவில்லை. ஒலியியல் நூல் எழுதினார். 1809-ல் பாரிசில் நெப்போலியன் முன்னிலையில் மணல் கோலங்களைப் போட்டுக் காட்டினார். நெப்போலியன் அசந்துபோய், நூலைப் பிரெஞ்சில் கொண்டுவர 6,000 ஃபிராங்க் கொடுத்தார். அந்தக் கோலங்களுக்குக் கணித விளக்கம் கண்டுபிடிக்க ஒரு பரிசும் அறிவிக்கப்பட்டது. 1816-ல் அதை வென்றவர் சோஃபி ஜெர்மேன் என்ற பெண் கணித மேதை.

இன்னொரு பக்கம், போகிற ஊரிலெல்லாம் விண்கல் தேடினார். யாரிடம் துண்டு இருக்கிறது, எப்போது விழுந்தது, யார் பார்த்தது என்று குறித்துக்கொண்டார். தன் கற்களைப் பயணத்தில் கூடவே எடுத்துப் போய் உரைகளில் காட்டினார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது ஏறத்தாழ 40 வீழ்ச்சிகளின் கற்கள்தான். இன்று உலகில் பதிவான விண்கற்கள் 70,000-க்கும் மேல். ஆனால் அந்தக் காலத்தில், தன் கைக்காசில் ஒரு தனி மனிதர் அவ்வளவு சேர்த்தது பெரிய விஷயம். 1819-ல் வியன்னாவில் வெளியான அவருடைய பெரிய நூல், அதுவரை தெரிந்த நெருப்புக்கோளங்களையும் வீழ்ச்சிகளையும் ஒரே இடத்தில் தொகுத்தது.

நெப்போலியன் காலத்துப் போர் அவர் சொந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை. விட்டன்பெர்க் முற்றுகைக்கு ஆளானபோது, அருகில் உள்ள கெம்பெர்க் என்ற சிறு ஊருக்குக் குடிபெயர்ந்தார். 70 வயதிலும் உரைப் பயணம் நிற்கவில்லை. 1827 ஏப்ரல் 3 அன்று, அப்படியொரு பயணத்தில் பிரெஸ்லாவ் நகரத்தில் இருந்தபோது திடீரென இறந்தார். கற்களை பெர்லின் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்திருந்தார். வாரிசு இல்லாத மனிதர் விட்டுப்போன சொத்து அது.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

இந்தியாவுக்கு விண்கல் புதிது இல்லை. 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த கல் செவ்வாயிலிருந்து வந்தது என்று பின்னாளில் தெரிந்தது. அந்த வகை செவ்வாய்க் கற்களுக்கே உலகம் முழுக்க ஷெர்காட்டைட் என்றுதான் பெயர். 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைக்குத் தெற்கே விழுந்த கற்கள், பார்னல்லி என்ற பெயரில் விஞ்ஞானிகள் இன்றும் ஆராய்பவை. 2017-ல் ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புராவிலும், 2022-ல் குஜராத்தின் தியோதரிலும் விழுந்தன. மறுபக்கம், 2016 பிப்ரவரியில் வேலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்த வெடிப்பில் ஒருவர் இறந்தபோது, விண்கல்தான் காரணம் என்று உடனே செய்தி பரவியது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். ஒரு உயிர் எப்படிப் போனது என்ற கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

எனவே, நாளைக்கு உங்கள் கையில் ஒரு கல் வந்தால் என்ன செய்யலாம்? தொடுவதற்கு முன், கிடந்த இடத்திலேயே அளவுக்கு ஒரு நாணயமோ அளவுகோலோ வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். இடம், தேதி, நேரம், யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். தண்ணீரில் கழுவ வேண்டாம். சக்திவாய்ந்த காந்தத்தை ஒட்டிப் பார்க்க வேண்டாம், கல்லுக்குள் பதிந்திருக்கும் பழைய காந்தப் பதிவு அழிந்துவிடும். சுத்தமான உறையில் போட்டு, இந்தியாவில் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

எழுதும்போது, பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கறுப்புப் படலம் எத்தனை மில்லிமீட்டர், பள்ளமா ஓட்டையா, உடைந்த இடத்தில் உள்ளே என்ன நிறம். அது விண்கல்லா இல்லையா என்ற முடிவை லேப் சொல்லட்டும். லவாய்சியர் குழுவின் முடிவு தோற்றுப்போனது, அவர்கள் எழுதிய விவரம் நிலைத்தது. வாரணாசியில் கூரை ஓட்டையான அந்தக் காவல்காரரின் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. ஆனால் அவர் குடிசைக்குள் விழுந்ததை ஒருவர் பொறுமையாக விசாரித்து எழுதினார். இன்னொருவர் அந்த மாதிரி சாட்சிகளை ஏற்கனவே மதித்திருந்தார். விண்கல் அறிவியல் அப்படித்தான் தொடங்கியது.